பனிக்காலத்தில் மாடு கன்று: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மார்கழி பிறந்தால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி மாட்டைப் பற்றியவைதான். நுவரெலியாப் பக்கம் லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப்) பின்னால் பட்டி வைத்து, பால்மாட்டோடு இறைச்சிக்குக் கொடுக்கும் காளைக் கன்றுகளையும் 20 வருடமாக வளர்க்கிறேன். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ராகலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எட்டு மாதக் காளைக் கன்று இரண்டு நிற்கிறது. துகள் பனி விழும் நாட்களில் விடியக்காலை நடுங்குகின்றன. பட்டியைச் சுற்றிப் படங்கு கட்டி முழுக்க மூடிவிடவா?

முழுக்க மூட வேண்டாம் தம்பி. நானும் ஒரு வருடம் அப்படித்தான் மூடினேன். காலையில் படங்கைத் தூக்கினால் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. கூரைத் தகரம் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் கன்றுகளின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. ஒரே வாரத்தில் என் மூன்று கன்றுகளும் இருமத் தொடங்கின. அதில் ஒரு கன்று பிழைக்கவில்லை. அந்தக் கன்றை இன்னும் மறக்க முடியவில்லை.

மாட்டுக்குக் குளிரைத் தாங்கத் தெரியும். கனடாப் பக்கம் இறைச்சி மாடுகள் உறைபனியில் வெளியிலேயே நிற்கின்றன. அடர்ந்த ரோமம் உலர்ந்திருந்தால், சைபருக்குக் கீழே 7, 8 பாகை வரைக்கும் பெரிய மாட்டுக்குக் கஷ்டம் இல்லை. அதே ரோமம் நனைந்துவிட்டால் 15 பாகையிலேயே உடம்புச் சூட்டைக் காக்கத் தீனியைச் செலவழிக்க ஆரம்பித்துவிடும். நுவரெலியாவின் வருடச் சராசரியே கிட்டத்தட்ட 16 பாகைதான், இராத்திரியில் 15க்கும் கீழே போய்விடும். அப்படியென்றால் நம் ஊர்த் தூறலில் நனைந்து நிற்கும் மாட்டுக்கு எல்லா மாதமும் பனிக்காலம்தான். நம்மிடம் உள்ள ஜேர்சிக் கலப்புகளுக்கு ரோமமும் குறைவு.

அதனால் காற்று வரும் பக்கத்தை மட்டும் மாட்டின் முதுகு உயரத்துக்கு மறைத்தால் போதும். கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும், ஈரக்காற்று அந்த வழியாக வெளியேறும். அப்புறம் தரை. வெறும் கொங்கிரீட் படுத்த மாட்டின் சூட்டை உறிஞ்சிவிடும். காய்ந்த மானாப் புல்லையோ மரத்தூளையோ தடிப்பாகப் போட்டு, அதன்மேல் அரை நிமிடம் முழங்காலிட்டுப் பார். முழங்கால் நனைந்தால் மாட்டுக்கும் அது ஈரப் படுக்கைதான், மாற்றிவிடு.

தலவாக்கலையிலிருந்து ஓர் அக்கா: தீனியைக் காலையில் கூட்டிப் போடவா, பின்னேரத்திலா தம்பி?

பின்னேரம்தான் அக்கா. புல் வயிற்றுக்குள் நொதிக்கும்போதே சூடு வருகிறது. தின்று சில மணி நேரத்துக்குப் பிறகுதான் அந்தச் சூடு ஏறும். ஐந்து மணிக்குப் போட்டால் நடுச்சாமத்துக்குக் கைகொடுக்கும். நார் அதிகமுள்ள தீனிக்குச் சூடும் அதிகம். குவாட்டமாலாப் புல், வைக்கோல், வாடவிட்ட கினிப்புல் எதுவானாலும் சரி, தீனித் தொட்டி விடியும்வரை காலியாகக் கூடாது. புண்ணாக்கும் தவிடும் இதற்கு மேலே சேர்ப்பதுதான், இதற்குப் பதிலாக ஆகாது. இன்னொரு நன்மையும் உண்டு. பின்னேரம் தீனி போடும் இடங்களில் பசுக்கள் பெரும்பாலும் பகலில் கன்று போடுகின்றன.

கந்தப்பளையிலிருந்து ஒரு அண்ணன்: தோட்டத்துக் கோவா (முட்டைக்கோஸ்) இலை, கரட் இலை, லீக்ஸ் கழிவு சும்மாவே கிடைக்கிறது. தாராளமாகப் போடலாமா?

கோவாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான் அண்ணே. வயிறு நிறைந்த மாதிரி தெரியும், சூடும் சதையும் வராது. பசியோடு நிற்கிற மாட்டுக்கு அதை மட்டும் அள்ளிப் போட்டால் வயிறு உப்பிவிடும். முதலில் புல் கொடுத்துவிட்டு, பிறகு அளவாகப் போடுங்கள். மருந்து அடித்து எத்தனை நாள் என்று விசாரிக்காமல் ஒரு இலைகூட வாங்க வேண்டாம்.

லீக்ஸ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அது வெங்காயக் குடும்பம். நாள்தோறும் நிறையத் தின்றால் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மூத்திரம் சிவந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மாட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி: இராத்திரி கன்று போட்டால் உடனே என்ன செய்ய வேண்டும் அண்ணா?

துடை. காய்ந்த சாக்கால் நன்றாக அழுத்தித் துடை, தாயையும் நக்கவிடு. தொப்புளில் அயடின் போடு. பிறகு உன் விரலைக் கன்றின் வாய்க்குள் விட்டுப் பார். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் பயமில்லை. வாய் ஜில்லென்று இருந்து, சப்பவும் இல்லையென்றால் கன்று உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அப்போது பாலைத் திணிக்காதே, முதலில் சூடாக்கு. கை தாங்குகிற வெந்நீரில் கழுத்துவரை வைத்து, எடுத்ததும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, அம்மா கொழுந்து பறிக்கும்போது கட்டிய பழைய கம்பளி இருந்தால் முதுகில் போட்டுக் கட்டிவிடு. சப்ப ஆரம்பித்ததும் சீம்பால். 30 கிலோக் கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் 3 லீற்றர் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால், நேரம் போகப் போகக் குடலுக்கு அதன் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்ச முடியாமல் போகும். காளைக் கன்று என்பதற்காகக் குறைக்காதே.

ஹட்டனிலிருந்து இரண்டு பேர்: வெந்நீர் கொடுக்க வேண்டுமா? பட்டிக்குள் நெருப்பு மூட்டலாமா?

வெந்நீர் அவசியமில்லை, குளிர் மட்டும் விட்ட தண்ணீர் போதும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். நெருப்பு வேண்டாம். புகை நுரையீரலைக் கெடுக்கும், காய்ந்த படுக்கையில் ஒரு பொறி விழுந்தால் பட்டியே போய்விடும்.

லிந்துலையிலிருந்து ஒரு தம்பி: நாம்பன் (இளங்காளை) பார்வைக்குக் கொழுத்துத்தான் இருந்தது. தை மாதம் விற்கப் போனபோது எடை குறைவு என்றார்கள். எப்படி?

குளிருக்கு ரோமம் பொங்கி நிற்கும்போது கண்ணை நம்ப முடியாது தம்பி. விலாவில் கையை வைத்து அழுத்திப் பார். எலும்பு உடனே தட்டுப்பட்டால் மெலிந்துகொண்டிருக்கிறது. நாடாவும் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடு. அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகு. சுற்றளவு 50, நீளம் 44 என்றால் ஏறக்குறைய 167 கிலோ. தீனி சரியாக இருந்தும் எடை இறங்கினால், ஓடையோரச் சேற்றுப் புல்லில் மேயவிட்டாயா என்று யோசி. அங்குள்ள நத்தையால் ஈரல் புழு வரும். தாடைக்குக் கீழே மெத்தென்று வீங்கியிருந்தால் பெரும்பாலும் அதுதான். சாதாரணப் பூச்சி மருந்து எல்லாம் அதற்குக் கேட்காது. சாணத்தைப் பரிசோதிக்கக் கொடுத்து, டொக்டர் சொல்லும் மருந்தைக் கொடு.