பாக்சிங் டே டெஸ்டுக்கு முதன்முறையாகப் போகிறவருக்கு

நான்கு மாதங்களுக்கு முன் மெல்போர்னுக்கு வந்ததாகவும், கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26, அதாவது பாக்சிங் டே அன்று தொடங்கும் டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாளுக்கு அலுவலக நண்பர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இதுவரை தொலைக்காட்சியில் மட்டுமே கிரிக்கெட் பார்த்த உங்களால் நாள் முழுவதும் மைதானத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா, என்ன எடுத்துச் செல்ல வேண்டும், இந்தியா ஆடாத ஆட்டத்தில் யாருக்காகக் கைதட்டுவது என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விகளோடு போனவன் என்பதால், நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதலில் போனது, ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதும் ஆஷஸ் தொடரின் 2006ஆம் ஆண்டு நான்காவது டெஸ்டுக்கு. டிசம்பர் இங்கே கோடைக்காலம் என்று படித்ததை அப்படியே நம்பி, மெல்லிய பருத்திச் சட்டையோடு போய் உட்கார்ந்தேன். அன்று வானம் மூடிக்கிடந்தது. காற்று எலும்புவரை ஊடுருவியது. பிற்பகலில் நடுக்கம் தாங்காமல் சூடாக ஒரு தேநீர் வாங்கலாம் என்று இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த கடை வரிசையில் போய் நின்றேன். என் முறை வருவதற்குள், தலைக்கு மேல் இருந்த கட்டடமே இடிந்து விழுவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் தன் சொந்த ஊரில், தன் கடைசி மெல்போர்ன் டெஸ்டில், இங்கிலாந்தின் ஆன்ட்ரூ ஸ்ட்ராஸின் ஸ்டம்பைப் பெயர்த்து 700ஆவது விக்கெட்டை எடுத்திருந்தார். அந்த அளவை அதற்கு முன் உலகில் எவரும் தொட்டதில்லை. ஏறத்தாழ 89,000 பேர் அதைக் கண்ணால் பார்த்தார்கள். நான் பார்த்தது கடையின் மேலே தொங்கிய சிறு தொலைக்காட்சியில் வந்த மறுஒளிபரப்பை. தேநீரும் சுமாராகத்தான் இருந்தது.

ஆகவே, இடைவேளைகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆட்டம் காலை 10.30க்குத் தொடங்கும்; 12.30க்கு நாற்பது நிமிட உணவு இடைவேளை, 3.10க்கு இருபது நிமிடத் தேநீர் இடைவேளை. அந்த நேரங்களில் கடைகளில் கூட்டம் நெருக்கும் என்பதால் பழகியவர்கள் அதற்குச் சற்று முன்பே எழுந்துபோவார்கள். அதிலுள்ள ஆபத்தை மேலே சொல்லிவிட்டேன். கையிலேயே உணவு கொண்டுபோவதுதான் என் வழக்கம். தயிர்ச்சாதம் எடுத்துச் செல்லலாமா என்று தயங்கியிருந்தீர்கள். தாராளமாக எடுத்துச் செல்லலாம். மதுவையும் கண்ணாடிப் பாட்டிலையும் வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஓவர் நடந்துகொண்டிருக்கும்போது வரிசைக்குள் நுழையாமல், அது முடியும்வரை படிக்கட்டில் நின்று, பிறகு வந்து உட்காருங்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள்.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. நாம் பார்க்காத வெயிலா என்று நானும் நினைத்தேன். இங்கே சுடுவது வெப்பம் அன்று, புற ஊதாக் கதிர். காற்று குளிர்ந்திருக்கும்போதே தோல் கருகிவிடும். இங்கு நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும் என்பதால், தெற்குப் பக்கத்தில் உள்ள ஷேன் வார்ன் அரங்கின் கீழ்வரிசைகளில் உங்கள் இருக்கை அமைந்தால் நேரே முகத்தில் அடிக்கும். அகன்ற தொப்பி, களிம்பு, அவற்றோடு ஒரு கம்பளிச் சட்டை ஆகிய மூன்றையும் ஒரே பையில் வையுங்கள்.

நாள் முழுவதும் உட்கார முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் அரை மணி நேரம் உங்களுக்கு ஏதோ குறைவதுபோல் தோன்றும். குறைவது வர்ணனை. எதைப் பார்க்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்த குரல் அங்கே இராது. பலர் காதில் வானொலியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாளில் அதைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். தொலைக்காட்சி பந்தைத் துரத்துகிறது. மைதானத்தில் பந்து வராத இடங்களையும் பார்க்கலாம். வேகப்பந்து வீச்சாளருக்கு, மட்டையாளருக்குப் பின்னே பந்தைப் பிடிக்க நிற்கும் ஸ்லிப் ஆட்டக்காரர்கள் எவ்வளவு தொலைவு பின்னே நிற்கிறார்கள் என்பதே முதலில் வியப்பூட்டும். மட்டை பந்தைத் தொடுவதைக் கண் பார்த்து, ஒரு கணம் கழித்தே அதன் ஓசை காதுக்கு வந்து சேரும். அணித்தலைவர் ஒருவரை நான்கடி நகர்த்தி நிறுத்துவதையும், மூன்று ஓவர் கழித்துப் பந்து அங்கேயே போவதையும் நீங்களாகக் கண்டுபிடிக்கும்போது, இருக்கையைவிட்டு எழ மனம் வராது.

கூட்டத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பிற்பகலில் மது ஏற ஏறச் சத்தமும் ஏறும் என்பது உண்மைதான். வரிசை வரிசையாக எழுந்து கைகளை உயர்த்தி உட்காரும் மெக்சிகன் அலை அரங்கைச் சுற்றிவரும்போது, கிரிக்கெட் மன்ற உறுப்பினர்கள் அமரும் பகுதியில் அது அறுந்துபோகும். உடனே மற்ற அத்தனை பேரும் சேர்ந்து அவர்களைப் பார்த்துக் கூச்சலிடுவார்கள். அது சண்டை அன்று, வழக்கம். பிற்பகல் 3.50க்கு எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள். வார்னின் டெஸ்ட் தொப்பி எண் 350; ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய 350ஆவது ஆட்டக்காரர் அவர். அவர் 2022 மார்ச்சில் மறைந்ததற்குப் பின் வந்த பாக்சிங் டேயில் தொடங்கிய அஞ்சலி இது.

யாருக்குக் கைதட்டுவது என்ற கவலைக்கு, இந்தியா ஆஸ்திரேலியாவுடன் மோதிய 2024ஆம் ஆண்டு ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். ஐந்து நாட்களில் 3,73,691 பேர் வந்து, 1937இல் ஆஸ்திரேலிய மட்டையாளர் பிராட்மன் ஆடிய ஆட்டத்தின் கூட்டத்தையே மிஞ்சிய டெஸ்ட் அது. மூன்றாம் நாள் நம் வாஷிங்டன் சுந்தர் 162 பந்துகளை எதிர்கொண்டு 50 ஓட்டங்கள் எடுத்தார். அதில் பவுண்டரி ஒன்றே ஒன்று. மறுமுனையில் நிதீஷ் குமார் ரெட்டி 99இல் நின்றபோது ஒன்பதாவது விக்கெட் விழுந்துவிட, கடைசி ஆட்டக்காரரான சிராஜ், ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கம்மின்ஸின் மூன்று பந்துகளைத் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பந்தையும் சிராஜ் தடுத்தபோது என் பக்கத்தில் பச்சைத் தொப்பி அணிந்திருந்த ஆஸ்திரேலிய முதியவர் என்னைவிட உரக்கக் கைதட்டினார். நிதீஷுக்கு நூறு வந்ததும் எழுந்து நின்றார். மாலையில், ஆஸ்திரேலியாதான் வெல்லும் என்று அதே உற்சாகத்தோடு என்னிடம் பந்தயம் பேசினார். ஆஸ்திரேலியாவே 184 ஓட்டங்களில் வென்றது.

ஆட்டம் முடிந்தவுடன் ரிச்மண்ட் ரயில் நிலையத்துக்கு ஓடாதீர்கள்; எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். நண்பர்களோடு வில்லியம் பாராக் பாலத்தில் ஏறி, நகரை நோக்கி நடந்துவிடுங்கள். கோடையில் ஒன்பது மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருக்கும். பாதி வழிக்குள் அன்றைய ஆட்டத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லத் தொடங்கியிருப்பீர்கள்.