கிளிப் கழற்றியதும் இல்லாத பல்லுக்கு இம்பிளான்ட் வைத்துவிடலாமா?

உங்கள் மகளுக்கு 15 வயது, மேல்வரிசையில் நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல் பிறவியிலேயே இல்லை, கிளிப் போட்டு அதற்கு இடம் உண்டாக்கிவிட்டார்கள், அடுத்த மாதம் கிளிப்பைக் கழற்றுகிறார்கள், உடனே இம்பிளான்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்து முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வயதில் வேண்டாம். டாக்டர் இல்லை நான். எனக்கும் அதே பல்தான் இல்லை, அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பால்பல் விழுந்து வருஷக்கணக்கில் காத்திருந்தோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே முளையே இல்லை. என் அத்தைக்கும் அந்தப் பல் கிடையாது. சில குடும்பங்களில் இது தொடர்ந்து வரும்.

இம்பிளான்ட் ஏன் இப்போது கூடாது என்பதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் என் இரண்டாவது டாக்டர். நம் பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை, நடுவில் மெல்லிய தசைநார் இருக்கிறது. அதனால் முகம் வளர வளர பல்லும் எலும்போடு சேர்ந்து இறங்கிக்கொண்டே வரும். இம்பிளான்ட் அப்படி இல்லை. டைட்டானியம் திருகு எலும்போடு இறுகிவிடும், வைத்த இடத்தைவிட்டு அசையாது. சுற்றியுள்ள பற்கள் கீழே இறங்க, அது மட்டும் மேலேயே நின்றுவிடும். சில வருஷத்தில் அந்தப் பல் குட்டையாகத் தெரியும், ஈறும் ஏற்றத்தாழ்வாகிவிடும். முன்பல் என்பதால் சிரித்தாலே தெரிந்துவிடும். பெண்களுக்குப் பொதுவாக 17, 18 வயதுக்குப் பிறகுதான் யோசிப்பார்கள், ஆண்களுக்கு இன்னும் தள்ளிப்போகும். வயதை மட்டும் வைத்தும் முடிவு செய்வதில்லை. பக்கவாட்டில் முக எக்ஸ்ரே எடுத்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து இன்னொன்று எடுத்து, வளர்ச்சி நின்றுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அதுவரை பல் இல்லாத இடைவெளியோடு பள்ளிக்குப் போகணுமா என்று உங்கள் மகள் கவலைப்படுவாள். நானும் பட்டேன். அதற்குத்தான், கிளிப் கழற்றியபின் பற்கள் நகராமல் இருக்கப் போடும் ரிடெய்னரிலேயே ஒரு செயற்கைப் பல்லைப் பதித்துக் கொடுப்பார்கள். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் நான் அந்தப் பல்லோடுதான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், பார்த்தால் தெரியாது.

ஆனால் அதைக் கண்ணைப்போல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்யாணத்தில் சாப்பிடும் முன் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலை ஓரத்தில் வைத்தேன். பந்தி முடிந்ததும் இலையோடு சுருட்டி எடுத்துப்போய்விட்டார்கள். அப்போது பரீட்சை நேரம். அப்புறம் போகலாம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். பக்கத்துப் பற்கள் நகர்ந்து, கிடைத்திருந்த இடம் குறுகிவிட்டது. டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்து, கழற்றினால் அதில் மட்டும்தான் வைக்கணும் என்று இப்போதே பழக்குங்கள்.

மறுபடி கிளிப் போடப் போனபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். முதல்முறை கிளிப் கழற்றியபோது கண்ணுக்குத் தெரிந்த இடைவெளி சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஈறுக்குள்ளே இரு பக்கத்துப் பற்களின் வேர்களும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன. இந்த இடத்தில் பொதுவாக வைக்கும் ஒல்லியான இம்பிளான்ட் 3.5 மி.மீ. அளவில் இருக்கும், இரு பக்கமும் குறைந்தது 1.5 மி.மீ. எலும்பு வேண்டும். ஆக 6.5 மி.மீ. இடம் வெளியே தெரியும் பற்களுக்கு நடுவில் மட்டும் இருந்தால் போதாது, வேர்களுக்கு நடுவிலும் இருக்கணும். யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமலேயே எனக்குக் கிளிப்பைக் கழற்றியிருந்தார்கள். வேரை நேராக்க இன்னும் எட்டு மாதம் கம்பி கட்ட வேண்டியிருந்தது. அதனால் அடுத்த மாதம் கழற்றும் முன், ஓபிஜி எக்ஸ்ரே (எல்லாப் பற்களும் தாடையும் ஒரே படத்தில் தெரியும்) எடுத்து வேர்கள் நேராக இருக்கின்றனவா என்று கேளுங்கள். பின்னாளில் இம்பிளான்ட் வைக்கப்போகும் டாக்டரும் அந்தப் படத்தை இப்போதே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

அதன்பிறகு எனக்கு மேரிலாண்ட் பிரிட்ஜ் ஒட்டினார்கள். ஒரு செயற்கைப் பல், அதன் ஒரு ஓரத்தில் சிறகு மாதிரி ஒரு தகடு, அதைப் பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒட்டிவிடுவார்கள். பல்லை ராவ வேண்டிய தேவை அநேகமாக இல்லை. ஒற்றைச் சிறகு போதும். இரண்டு பக்கமும் ஒட்டினால் ஒரு பக்கம் விட்டுப்போனதே தெரியாமல் உள்ளே சொத்தை பிடிக்கலாம். கீழ்ப்பல் மேல்பல்லின் பின்னால் அழுத்திக் கடிக்கும் வாயாக இருந்தால் மட்டும் தகடுக்கு இடம் கிடைக்காது. பலருக்கு இதுவே வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறது, இம்பிளான்டே தேவைப்படுவதில்லை. எனக்கு இரண்டு முறை விட்டுப்போனதால் 23 வயதில் இம்பிளான்டுக்குப் போனேன். பல்லே முளைக்காத இடத்தில் எலும்பு மெலிந்திருந்தது. எலும்புத்தூள் வைத்து, திருகு வைத்து, அது பிடித்துக்கொள்ளும்வரை நான்கு மாதம் காத்திருந்து, பிறகுதான் அதன்மேல் பல் கேப் போட்டார்கள்.

இரு பக்கப் பற்களையும் ராவி சாதாரண பிரிட்ஜ் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். சொத்தையில்லாத இரண்டு பற்கள் அவை, 15 வயதில் பல்லுக்குள் நரம்பறை பெரிதாக இருக்கும், ராவினால் நரம்பு பாதிக்கப்படலாம்.

இரவு ரிடெய்னரை நான் இன்றும் போட்டுக்கொள்கிறேன். இம்பிளான்ட் நகராது, மற்ற பற்கள் நகரும். எக்ஸ்ரே எடுத்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கருத்தில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.