வராமலே வரைந்து தரும் கான்டூர் மேப்

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் 5 ஏக்கர் மானாவாரி நிலம், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம். வரப்பு போட்டு, பண்ணைக்குட்டை வெட்ட கான்டூர் மேப் (ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் வரைபடம்) வேண்டும். ஒரு சர்வேயர் நேரில் அளந்து 50 செ.மீ. உயரத்துக்கு ஒரு கோடு என்ற இடைவெளியில் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் பாதிக் காசுக்கு, வராமலே 10 செ.மீ.யில் தருகிறாராம். எதை எடுப்பது?

பதில்: வராமலே தருகிறவரை இன்றே விட்டுவிடுங்கள். இடைவெளி என்பது மென்பொருளில் தட்டுகிற ஒரு எண், அவ்வளவுதான். 10 தட்டினால் 10, 1 தட்டினால் 1. இருக்கிற புள்ளிகளுக்கு நடுவே அது பாட்டுக்கு ஊகித்துக் கோடு இழுக்கும். இப்படி விற்கிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். தரவு. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு உயரம். உங்கள் 5 ஏக்கருக்கு இருபத்திரண்டு புள்ளி தேறினால் அதிகம். உயரத்தில் 16 மீட்டருக்குள் பிழை இருக்கலாம் என்பதுதான் அந்தத் திட்டம் வைத்த வரையறையே. அதில் 10 செ.மீ. கோடா? ஆனால் கேட்க யார் இருக்கிறார்கள்! கோப்பில் 'கான்டூர் மேப் உண்டு' என்று டிக் அடித்தால் அலுவலகத்துக்கு வேலை முடிந்தது.

கோட்டு இடைவெளி, அளவில் வரக்கூடிய உயரப் பிழையைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். வரப்புக்கு 50 செ.மீ. போதும், ஆறு கோடு வரும். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் சுமார் 200 எடுக்கச் சொல்லுங்கள். குட்டை வரும் மூலைக்கு மட்டும் புள்ளிகளை நெருக்கி, 25 செ.மீ.யில் தனித் தாள் வாங்குங்கள்.

ஒரே தாளில் இரண்டு இடைவெளி கலக்கக் கூடாது. கோடு நெருங்கினால் சரிவு அதிகம் என்று படிக்கவே முடியாமல் போகும். ஒரே விலக்கு, குட்டையின் கலிங்கு மட்டம், அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் உயரம். அது 98.37 மீட்டர் என்று வந்தால், 98.25க்கும் 98.50க்கும் நடுவே 98.37ஐத் தனி நிறத்தில் வரையச் சொல்லுங்கள். குட்டை நிரம்பினால் தண்ணீர் எதுவரை ஏறும், பக்கத்துக்காரர் வரப்பைத் தொடுமா என்று காட்டுவது அந்தக் கோடுதான். 'பக்கத்துல 98.50 இருக்கே, அதையே வெச்சுக்குங்க' என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் நிலம் போல 2 சதவீதச் சரிவில் 13 செ.மீ. உயரம் என்றால், தரையில் ஆறரை மீட்டர் தள்ளிப்போகும்.

மேப்போடு புள்ளிப் பட்டியலையும் எக்செல் கோப்பாகக் கேளுங்கள். பெஞ்ச்மார்க்கை, அதாவது எல்லா உயரங்களையும் எதை வைத்து அளந்தார்களோ அந்தப் புள்ளியை, கிணற்றுச் சுவரிலோ பாறையிலோ பெயிண்டால் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டும் முடியும்வரை பாக்கிப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.