குத்துச்சண்டைக்கு வயதாகிவிட்டதா?

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டோடு போனில் யுஎஃப்சி கம்பெனி நடத்தும் கூண்டுச் சண்டை பார்க்க உட்கார்ந்தால் பதினொரு மணிக்குத்தான் எழுந்திருப்பான். என் அப்பா கண்ணப்பர் திடலில் ரோசமான குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர். அவரிடமே போய், "பாக்ஸிங்லாம் முடிஞ்சுபோச்சு தாத்தா, இப்ப எம்எம்ஏதான்" என்கிறான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த இந்த எம்எம்ஏ உண்மையிலேயே பாக்ஸிங்கை முந்திவிட்டதா? இப்போது எம்எம்ஏ ஜிம்மில் சேர்த்துவிடச் சொல்கிறான். சேர்க்கலாமா?

கா., பெரம்பூர்

அன்புள்ள கா.,

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. வாராவாரம் பார்ப்பவர்கள், கிளிப்பை வெட்டி ஃபார்வர்டு செய்பவர்கள் என்று எடுத்தால் எம்எம்ஏ முன்னால் போய்விட்டது, அதுவும் இளவட்டங்களிடம். ஒரே ராத்திரியில் கொட்டுகிற பெரிய பணம் மட்டும் பாக்ஸிங் பக்கம்தான். எம்எம்ஏவின் பெரிய நட்சத்திரம் கானர் மெக்ரிகர் 2018-இல் இன்னொரு எம்எம்ஏ வீரர் கபீபோடு மோதியபோது கட்டண ஒளிபரப்பில் சுமார் 24 லட்சம் இணைப்புகள் விற்றன. அதற்கு முந்தைய வருடம் அதே ஆள் பாக்ஸிங் கையுறை மாட்டிக்கொண்டு குத்துச்சண்டை வீரர் மேவெதரிடம் பத்தாவது ரவுண்டில் தோற்றார். அதற்கு அமெரிக்காவில் மட்டும் சுமார் 43 லட்சம்!

பாக்ஸிங்கின் தலைவலி எதிராளி இல்லை, அதன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே எடைப் பிரிவுக்கு நாலு அமைப்புகள், நாலு பெல்ட்டுகள். ஹெவிவெயிட்டில் 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு மறுக்க முடியாத ஒரே சாம்பியன் என்று ஒருவர் வர 2024 ஆனது, உக்ரைனின் உசிக் வரைக்கும். யுஎஃப்சியில் யார் யாரோடு மோதுவது என்பதை ஒரே கம்பெனி முடிவுசெய்கிறது. 2001-இல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய கம்பெனி 2016-இல் ஏறக்குறைய 400 கோடி டாலருக்குப் போனது இந்த ஒழுங்கால்தான் என்பது என் எண்ணம். அந்த ஒழுங்குக்கு வீரர்கள் கொடுத்த விலையும் உண்டு. சம்பளத்தை அமுக்கிவைத்ததாக முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 2024-இல் 37.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசவேண்டி வந்தது.

தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. பாக்ஸிங் கூட்டத்துக்கு நடுவே நின்று பார்க்க ஏற்ற ஆட்டம். திடலில் கடைசி வரிசையில் எக்கி நின்றவருக்கும் குத்து விழுந்தது தெரியும், இறங்கியது யாருக்கு என்று தெரியும். எம்எம்ஏ தரைக்குப் போனதும் கதை மாறிவிடுகிறது. ஒருவன் மேல் ஒருவன் கிடக்கிறான், சுற்றிலும் கம்பி வலை. கழுத்துக்குக் கீழே கை நுழைந்துவிட்டதா, தாடை தடுக்கிறதா என்பதுதான் அங்கே உயிர்நாடி. அதை கேமரா பக்கத்தில் போய்க் காட்டினால்தான் உண்டு. 1976-இல் டோக்கியோவில் முகமது அலியோடு மோதிய மல்யுத்த வீரர் இனோகி, பெரும்பாலான நேரம் மல்லாக்கக் கிடந்து அலியின் காலிலேயே உதைத்துக்கொண்டிருந்தார். பதினைந்து ரவுண்டு, டிரா. அரங்கத்தில் இருந்தவர்கள் காறித் துப்பாத குறை. அதே உதையை இன்று உங்கள் மகன் ஸ்லோ மோஷனில் பார்த்து ரசிப்பான்.

சென்னை விஷயத்துக்கு வருகிறேன். 1980-இல் அலி நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். 'பரம்பரை' என்று சொல்லிக்கொண்ட குத்துச்சண்டை அணிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட ஊர் இது. அந்த ரோசமான சண்டைகள் அடங்கியதற்குக் கூட்டத்துக்குள் நடந்த அடிதடியும் போலீஸ் கெடுபிடியும் காரணம். எம்எம்ஏ என்ற பெயர் அப்போது வியாசர்பாடிக்கு வந்திருக்கவே இல்லை. இன்றும் வடசென்னையில் விடியற்காலையில் கையில் பேண்டேஜ் சுற்றுகிற பையன்களுக்குக் கண்ணில் இருப்பது ரயில்வே, ஐசிஎஃப், போலீஸ், ராணுவம். ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற ஒரு விஷயம் இருக்கும்வரை பாக்ஸிங்குக்கு இங்கே ஆள் பஞ்சம் வராது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் பாக்ஸிங் இருக்கிறது, எம்எம்ஏ இல்லை. யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியர் பூஜா தோமர், அதுவே 2024-இல்தான். பார்ப்பதில் எம்எம்ஏ முந்தலாம், பையன்களைச் சேர்ப்பதில் இந்த ஊரில் இன்னும் இல்லை.

அப்புறம், சேர்க்கலாமா என்றால், தாராளமாக. முடிந்தால் முதல் வருடம் பாக்ஸிங் வாத்தியார் ஒருவரிடம் விடுங்கள். கால் வைக்கக் கற்றால் எதற்கும் உதவும். நேராக எம்எம்ஏதான் என்று அடம்பிடித்தால், ஃபீஸைக் கேட்கும் முன் ஸ்பாரிங், அதாவது ஜோடி சேர்ந்து மோதிப் பழகுவதை, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேளுங்கள். முதல் வாரமே தலையில் குத்தவிடுகிற இடமென்றால் வேறு ஜிம் பாருங்கள். கையுறை அங்கேயே இரவல் கிடைக்கும். மவுத் கார்டு மட்டும் சொந்தமாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.