காடு காக்கும் வேலை: ஓய்வுபெற்ற வனவர் ஒருவரின் கேள்வி பதில்

வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி சென்னையைச் சுற்றியே ஓடியது: கிண்டி, பள்ளிக்கரணை, பழவேற்காடு, திருவள்ளூர் பக்கத்துக் காப்புக்காடுகள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். "புலி பார்த்திருக்கீங்களா?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் புலி கிடையாது. எங்களுக்குப் பெரிய தலைவலி நாய்தான்.

கார்த்திக், குரோம்பேட்டை: சார், பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். ரேஞ்சர் ஆக என்ன செய்யவேண்டும்?

தம்பி, காக்கி போட்டுக் காட்டில் நிற்கிற எல்லாரையும் ஜனங்கள் ரேஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். துறைக்குள் அது ஒரு படி மட்டும். அடியில் வனக்காவலர், அதற்கு மேல் வனக்காப்பாளர், பிறகு வனவர், அப்புறம்தான் வனச்சரக அலுவலர், அதாவது ரேஞ்சர். அதற்கும் மேலே உதவி வனப் பாதுகாவலர், மாவட்ட வன அலுவலர் என்று போகும்.

வனக்காவலர், வனக்காப்பாளர் பணியிடங்களை 2024 முதல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வோடு சேர்த்துவிட்டார்கள். நேராக ரேஞ்சர் ஆகவேண்டும் என்றால் அதே தேர்வாணையம் நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு எழுதவேண்டும். உதவி வனப் பாதுகாவலருக்குக் குரூப் 1ஏ. ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வனப்பணி என்றால், டெல்லியில் இருக்கிற யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு. தகுதி, வயது எல்லாம் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும், அதை நன்றாகப் படியுங்கள்.

எழுத்துத் தேர்வைவிட எனக்குக் கவலை நடைத் தேர்வு. ஆண்கள் 4 மணி நேரத்துக்குள் 25 கிலோமீட்டர் நடக்கவேண்டும், பெண்கள் 16. இருபத்தைந்து என்றால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல், நிற்காமல். மெரினாவில் காலையில் அரட்டை அடித்துக்கொண்டு நடப்பது இதில் சேராது. தேர்வுக்கென்று புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வருபவர்கள் பாதி வழியில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். பழகின ஷூ, கெட்டியான காலுறை, இரண்டு மாதம் முன்பிருந்தே பயிற்சி. நடுவில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காதீர்கள்.

மீனா, ஊரப்பாக்கம்: பெண்கள் களத்தில் வேலை செய்ய விடுகிறார்களா, இல்லை அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுகிறார்களா?

களத்தில்தான் இருக்கிறார்கள் அம்மா. ரோந்து, வழக்குப் பதிவு, விலங்கு மீட்பு எல்லாம் செய்கிறார்கள். காட்டுக்குள் கழிப்பறை கிடையாது, தனிக்குடியிருப்பு எல்லா இடத்திலும் ஒழுங்காக இருக்காது. இதைச் சொல்லாமல் மறைத்தால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். தெரிந்து வாருங்கள்.

இஸ்மாயில், ராயப்பேட்டை: கிண்டி மாதிரி நகரத்துக்கு நடுவில் இருக்கிற காட்டில் வனக்காப்பாளருக்கு நாள் முழுக்க என்ன வேலை பாய்?

கிண்டி ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். ஆளுநர் மாளிகையின் பழைய வேட்டைக்காடு, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. சுற்றிலும் சாலை, கல்லூரி, நினைவிடங்கள். அதனால் அங்கே காட்டைக் காப்பது என்றால் முதலில் மதிலைக் காப்பது.

விடிகாலையில் மதில் ஓரமாக நடை. எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே மழைநீர் போகிற ஓட்டை பெரிதாகியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். அந்த வழியாக நாய் நுழையும். மூன்று நாய் சேர்ந்தால் ஒரு குட்டி மான் போச்சு. கடிக்கக்கூட வேண்டாம், துரத்தினாலே பயத்தில் வேலியில் மோதிச் செத்துவிடும். அப்புறம் தண்ணீர்த் தொட்டிகள். மே மாதம் லாரித் தண்ணீர் வரத் தாமதமானால் அன்றைக்குப் போன் மேல் போன்.

நடக்கும்போது மான் கொம்பு கிடந்தால் எடுத்து அலுவலகத்தில் ஒப்படைத்துப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். புள்ளிமானுக்குக் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமான் கொம்பு திருகியிருக்கும், உதிரவே உதிராது. ஆகவே வெளிமான் கொம்பு தனியாகக் கிடந்தால் உடனே அந்த இடத்தைச் சுற்றித் தேடவேண்டும். ஒன்று விலங்கு செத்திருக்கும், இல்லை சண்டையில் ஒடிந்திருக்கும், இல்லை யாரோ கைவரிசை காட்டியிருப்பார்கள். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மிச்ச நேரத்தில் களையெடுப்பு. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது நிம்மதியாக மேயும். சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் புல்வெளியை மூடிக்கொண்டே வரும். களா, சூரை மாதிரி நம்ம மண்ணுப் புதர்களை விட்டுவிட்டு இவற்றை மட்டும் வேரோடு எடுக்கவேண்டும். முள் கையைக் கிழிக்கும். போட்டோவுக்கு அழகாக வராத வேலை.

லதா, அடையாறு: மதில் ஓரம் வரும் மான்களுக்குக் கேரட், பிஸ்கட் போடுகிறோம். வெயிலில் பாவமாக இருக்கிறது. இது தப்பா அண்ணா?

தப்புதான் அம்மா. கோபப்படாமல் கேளுங்கள்.

மான் அசைபோடும் விலங்கு. அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் புல்லையும் இலையையும் மெதுவாகப் புளிக்கவைத்துச் செரிக்கப் பழகியவை. பிஸ்கட், சோறு, ரொட்டி மாதிரி மாவுப்பொருள் திடீரென்று நிறைய உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். வயிறு உப்பி, நிற்க முடியாமல் படுத்துவிடும். இரண்டாவது, நீங்கள் பிஸ்கட்டை மட்டும் போடுவீர்கள், அடுத்தவர் கவரோடு வீசுவார். கவரில் உப்பு ருசி ஒட்டியிருக்கிறது, மான் அதையும் விழுங்கும். செத்த மானைக் கால்நடை மருத்துவர் அறுக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். பால் கவர், சாம்பார் கட்டிய கவர், பூ கட்டும் நார் எல்லாம் முறுக்கிக்கொண்டு தேங்காய் அளவுக்குக் கெட்டியாக ஒரு உருண்டை. அதற்கு மேல் புல் இறங்க வழியில்லை. வெளியே பார்த்தால் வயிறு நிறைந்த மான் மாதிரியே இருந்தது.

மூன்றாவது, மனிதர் பக்கம் வரப் பழகிய மான் சாலைக்கும் வரும். வேட்டைக்காரன் மேல் வழக்குப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கேரட்டோடு வரும் நல்ல மனசுக்காரர்களிடம் பேசித்தான் தொண்டை வறண்டது.

செந்தில், மடிப்பாக்கம்: மழைக்காலம் ஆனால் வீட்டுக்குள் பாம்பு வருகிறது. அடிக்கலாமா?

அடிக்கக்கூடாது, வன உயிரினச் சட்டம் 1972 இருக்கிறது. அதைவிட முக்கியம், அடிக்கப் போகும்போதுதான் நிறையப் பேர் கடிபடுகிறார்கள். தள்ளி நின்று பாம்பு மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் செய்யுங்கள். உங்கள் பக்கம் வருவதில் பாதி சாரையும் நீர்க்கோலியுமாக இருக்கும், விஷமில்லாதவை. ஆனால் அதை நீங்கள் முடிவு செய்யவேண்டாம்.

கடித்துவிட்டால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுவிரியன் விஷயத்தில் ஒன்று ஞாபகம் வையுங்கள். அது ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை என்பார்கள். நேரம் போயிருக்கும்.

மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்துக்கான விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தடம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இருளர்கள்தான். பயிற்சிக் கல்லூரியில் கேட்ட பாடமெல்லாம் அதற்குப் பிறகுதான் விளங்கியது.

பெயர் வேண்டாம், தி.நகர்: பக்கத்து வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறார்கள். குற்றமா?

ஆமாம். லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை, அது வேறு. நம்ம ஊர்க் கிளியைக் கூண்டில் வைத்தால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. முதலில் பேசிப் பாருங்கள், பலருக்குச் சட்டம் தெரியாது.

ஜெனிபர், பெசன்ட் நகர்: ஆமை முட்டை எடுக்கும் நடைக்கு வர ஆசை. கடற்கரையில் என்ன நடக்கும்?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரியில் நடந்து கூடு தேடும் வேலையை மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் செய்துவருகிறது. வனத்துறையும் குஞ்சு பொரிப்பகங்கள் நடத்துகிறது.

மணலில் துடுப்புக்கால் போட்ட இரண்டு வரிசைத் தடம் ஏறிப்போய்த் திரும்பியிருக்கும். திரும்பின இடத்தில் மணல் கலைந்திருக்கும். அங்கே மெல்லிய குச்சியை மெதுவாக இறக்கிப் பார்ப்போம். மணல் கெட்டியாகத் தடுத்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் சட்டென்று கை இளகும். அந்த இளக்கம் தெரிய வேண்டுமானால் பொறுமை வேண்டும், அழுத்தினால் முட்டை உடையும். பிறகு கையால் தோண்டுவோம். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழி. நூறு முட்டைக்கு முன்பின் இருக்கும். முட்டைகளைச் சுழற்றாமல் எடுத்துப் பையில் வைத்து, அதே ஆழத்தில், அதே வடிவத்தில் பொரிப்பகத்தில் குழி தோண்டி வைக்கவேண்டும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் அதிகம்.

நாய், நரி, மனிதர் தோண்டிவிடுவார்கள் என்பதால் மட்டும் எடுத்துவைக்கவில்லை. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். முன்பு கடல்தான் வெளிச்சமாக இருந்தது. இப்போது தெருவிளக்கும் ஓட்டல் விளக்கும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு ஏறும்.

வரும்போது டார்ச், செல்போன் வெளிச்சம், பளிச்சென்ற சட்டை வேண்டாம். செத்த ஆமையும் பார்ப்பீர்கள், மனசைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாகவேண்டும், இழுவை வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும்.

முத்துக்குமரன், பூந்தமல்லி: வனத்துறைக்கும் தொல்லியலுக்கும் என்ன சம்பந்தம்? காட்டில் கல்லாயுதம் கிடைக்கும் என்கிறார்களே?

நிறையச் சம்பந்தம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருடம் திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் இப்படிக் கருவிகள் இருப்பது தெரியவந்தது. அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது 15 லட்சம் வருடம் வரை போகிறது. பூண்டிக்கு அப்பால் குடியம் குகைகள் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. ஆக அந்தப் பகுதி வனக்காப்பாளருக்குச் செடி, விலங்கோடு கல்லும் பொறுப்பு.

குடியம் போகிற பாதையில் சிவந்த உருண்டைக் கற்கள் நிறையக் கிடக்கும். நடுவில் ஒன்று மட்டும் ஓரமெல்லாம் சில்லு சில்லாக உடைக்கப்பட்டு, ஒரு முனை கூர்ந்து, கையில் எடுத்தால் அப்படியே பொருந்தும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறவர்களைத் தடுப்பதே பாதி வேலையாக இருந்தது. எந்த அடுக்கில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதுதான் ஆராய்ச்சிக்காரருக்குத் தகவல். உங்கள் ஷோகேஸில் அது வெறும் கல். பார்க்க ஆசை இருந்தால் பூண்டியில் அருங்காட்சியகமே இருக்கிறது.

பழவேற்காட்டிலும் இப்படித்தான். பூநாரை பார்க்க வருகிறவர்களை அப்படியே டச்சுக்காரர் கல்லறைப் பக்கமும் அனுப்புவேன். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பத்மா, அண்ணாநகர்: என் மகள் ஸ்காட்லாந்தில் படிக்கிறாள். அங்கே கண்ட்ரிசைட் ரேஞ்சர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். உங்கள் வேலை மாதிரிதானா?

பெயர்தான் ஒன்று அம்மா. அங்கே ரேஞ்சர் பெரும்பாலும் உள்ளாட்சிக்கோ, நேஷனல் டிரஸ்ட் மாதிரி அறக்கட்டளைக்கோ வேலை செய்கிறார். நடைபாதை, வேலி, கற்சுவர் பழுதுபார்ப்பது, பள்ளிப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பது, தன்னார்வலர்களை வைத்து வேலை வாங்குவது. ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சட்டப்படி பொறுப்பாக நடந்துகொள்கிற யாரும் பெரும்பாலான நிலங்களில் நடந்துபோகலாம். ஆகவே அவர் வருகிறவர்களை வரவேற்று ஒழுங்கு சொல்லிக்கொடுப்பவர். நமக்கு இங்கே காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தாலே குற்றம், எங்களிடம் பறிமுதல் செய்யவும் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. மகளிடம் சொல்லுங்கள், படிப்போடு தன்னார்வ வேலையும் மரம் அறுக்கும் இயந்திரச் சான்றிதழும் அங்கே கைகொடுக்கும். நல்ல வேலை, விடுங்கள்.

ராஜேஷ், பெருங்குடி: பள்ளிக்கரணை பக்கம் பிளாட் வாங்கலாமா சார்?

நான் தரகன் இல்லை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. 2022-இல் அது ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பட்டியலில் சேர்ந்துவிட்டது. வரைபடத்தை வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கீதா, தாம்பரம்: பிள்ளைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போக எது நல்ல மாதம்?

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. படாளத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பவேண்டும். அந்த ஏரியை இத்தனை காலம் காத்தது எங்கள் துறை மட்டும் இல்லை, ஊர்க்காரர்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவை சுடுகிறார்கள் என்று அவர்கள் புகார் சொல்லி, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் தடை வாங்கியிருக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அது அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளை மாலை நாலு மணிக்கு மேல் கரையில் நிறுத்துங்கள், இரை தேடப்போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம். மழை பொய்த்த வருடம் ஏரி வற்றியிருக்கும், பறவையும் குறைவு. கிளம்பும் முன் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.