சிறுவயதில் படித்தவற்றில் இன்றும் உங்கள் நினைவில் நிற்கும் புத்தகம் எது?

எந்தப் பதிப்பகமும் போடாத புத்தகங்கள்தான். வார இதழ்களில் வரும் தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டிங் செய்து வைப்பார்களே, அவை. எங்கள் வீட்டில் பாட்டி தொடங்கிய பழக்கம் இது. அப்புறம் சித்தி தொடர்ந்தார்.

அம்புலிமாமா, கோகுலம் எல்லாம் படித்தேன். 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியையும் விடவில்லை. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் படங்கள் அலுத்ததே இல்லை. ஆனாலும் என்னை வாசகனாக்கியவை அந்த பைண்டு வால்யூம்கள்தான்.

பொன்னியின் செல்வனை அப்படித்தான் முதலில் படித்தேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோதே பாட்டி சேர்த்தது. மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் எனக்கு வந்தியத்தேவன். பின்னாளில் படமில்லாத பதிப்பைப் படித்தபோது பாதிக் கதை காணாமல் போனதுபோல இருந்தது. அத்தியாயம் முடியும் இடத்தில் யாராவது அலறுவார்கள், இல்லையென்றால் எதிர்பாராத ஓர் ஆள் வந்து நிற்பார். அடுத்த வாரம்வரை காக்க வைப்பதற்காகக் கல்கி போட்ட முடிச்சு அது. எனக்குப் பக்கத்தைத் திருப்பினால் போதும், பாட்டி ஏழு நாள் காத்திருந்திருக்கிறார்!

தில்லானா மோகனாம்பாளும் இருந்தது. ஆனந்த விகடனில் வந்தது, கோபுலுவின் படங்களோடு. முதலில் படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் கதைக்குள் போவேன்.

இன்னொரு சுகம், கதைப் பக்கத்தின் பின்புறம். பாதித் துணுக்கு, தைல விளம்பரம், தலையும் வாலும் இல்லாத ஒரு சிறுகதை. அந்தச் சிறுகதைகளுக்கு நானே முடிவு யோசிப்பேன். எழுதிப் பார்க்கும் ஆசை அங்கேதான் வந்தது.

ஒரு வால்யூமில் ஒரு வாரத்து அத்தியாயம் மட்டும் கையெழுத்தில் இருக்கும். இதழ் தொலைந்துவிட்டதாம். சித்தி இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் முழுவதையும் எழுதி, 'தொடரும்' என்பதைக்கூட விடாமல் அதே இடத்தில் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். கதை மேல் அவ்வளவு பிரியம்.

இது பெரியவர்கள் படிப்பது, தொடாதே என்று யாரும் தடுத்ததில்லை. புரியாத இடத்தைத் தாண்டிப் போவேன். அடுத்த விடுமுறையில் அது புரிந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். தாள் பழுப்பேறி நொறுங்குவதற்குள் செல்போனிலாவது படம் எடுத்து வையுங்கள், பின்பக்கத்துத் துணுக்கு, விளம்பரம் எல்லாம் சேர்த்து.