கச்சானில் ஒழுங்கு, மாரியில் ஆட்டம்: புது வால்வு ஏன் அடங்கவில்லை?

கேள்வி: திருகோணமலை சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு நீர் போகும் குழாயில் இருந்த கட்டுப்பாட்டு வால்வு உப்புக்காற்றில் அரித்துப் போனதால், வைகாசியில் புதியது பூட்டினோம். அதே குழாய் அளவு, அதே கேவி எண். கச்சான் காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை. கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து எண்ணெயின் வெப்பநிலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. வால்வை எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலரின் பிஐடி எண்களை மாற்றினோம், வெப்பநிலை உணரியையும் மாற்றினோம், பயனில்லை. பம்பி 4 பார் கொடுக்கிறது. முழுதாகத் திறந்திருக்கும்போது வால்வின் இருபுறமும் உள்ள அமுக்க வேறுபாடு 0.4 பார். பழைய வால்வின் தகட்டில் 'சம சதவீதம்' என்றும் புதியதில் 'நேர்கோடு' என்றும் இருக்கிறது. இது பெரிய விடயமா?

பதில்: பெரிய விடயம்தான். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டதை முதல் வரியில் கேட்டிருந்தால் உணரிக்குச் செலவழித்த பணம் மிஞ்சியிருக்கும்.

கேவி எண் என்பது வால்வு முழுதாகத் திறந்த நிலையில், 1 பார் அமுக்க வேறுபாட்டில், மணிக்கு எத்தனை கனமீற்றர் நீர் போகும் என்பதைச் சொல்வது. அது வால்வின் உச்ச அளவு மட்டுமே. பாதி திறந்தால் எவ்வளவு, கால்வாசி திறந்தால் எவ்வளவு என்பதைச் சொல்வது பாய்ச்சல் வளைகோடு. உள்ளே நீரின் வழியை அடைக்கும் பிளக்கின் வடிவமும் அதைச் சூழ்ந்த கூட்டில் வெட்டப்பட்ட துளைகளின் வடிவமும் அதைத் தீர்மானிக்கின்றன. வெளியே பார்த்தால் இரண்டு வால்வும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே குணம் வேறு.

நேர்கோட்டு வால்வில், பிளக்கைத் தூக்கும் தண்டு 30 சதவீதம் உயர்ந்தால் பாய்ச்சலும் 30 சதவீதம். சம சதவீத வால்வில், தண்டு ஒவ்வொரு 10 சதவீதம் உயரும்போதும் பாய்ச்சல் அதுவரை இருந்ததைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது (வீச்சு விகிதம், அதாவது வால்வு கட்டுப்படுத்தக்கூடிய மிகக் கூடிய பாய்ச்சலுக்கும் மிகக் குறைந்த பாய்ச்சலுக்கும் உள்ள விகிதம், 50 என்று கொண்டால்). பாதி திறப்பில் 14 சதவீதமே போகும். கடைசி 10 சதவீதத்தில் 68-இலிருந்து 100-க்குத் தாவும். விரைவுத் திறப்பு என்று மூன்றாவது வகையும் உண்டு. சற்றுத் திறந்ததும் பெரும்பகுதி பாய்ந்துவிடும். திற அல்லது மூடு என்ற வேலைக்குத்தான் அது, உங்களுக்கு வேண்டாம்.

இவை யாவும் வால்வின் இருபுறமும் அமுக்க வேறுபாடு மாறாமல் இருக்கும் சோதனை மேசையில் எடுத்த கணக்கு. தயாரிப்பாளரின் கையேட்டில் இருப்பது அந்த வரைபுதான். உங்கள் குழாயில் நிலைமை அப்படியில்லை. தோட்டத்துக்கு நீண்ட ஹோஸ் போட்டு நீர் விட்டவர்களுக்குத் தெரியும்: குழாயின் பிடியை முதல் கால் சுற்றுத் திருப்பும்போது நீர் சீறும், அதற்குப்பின் எவ்வளவு திருப்பினாலும் பெரிதாக ஏறாது. பாய்ச்சல் கூடக்கூட அமுக்கத்தை ஹோஸே தின்றுவிடுகிறது. உங்களிடம் இருக்கும் 4 பாரில் வால்வுக்குக் கிடைப்பது 0.4 பார், அதாவது பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தைக் குழாயும் குளிர்விப்பானும் எடுத்துக்கொள்கின்றன. இந்தப் பங்கை வால்வின் அதிகாரம் என்பார்கள். 0.3-க்குக் குறைந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், 0.1 மிகவும் தாழ்வு.

அதிகாரம் 0.1 ஆக இருக்கும்போது உங்கள் நேர்கோட்டு வால்வு என்ன செய்யும் என்று கணக்கிட்டால், 10 சதவீதத் திறப்பில் 30 சதவீதம் நீர், 20-இல் 54, 30-இல் 71, 50-இல் 88, 60-இல் 92. இதில் நேர்கோடு எங்கே? 10-இலிருந்து 20-க்குப் போகும்போது 24 புள்ளி ஏறுகிறது. 50-இலிருந்து 60-க்குப் போகும்போது நான்கே புள்ளி. ஆறு மடங்கு வித்தியாசம். கச்சான் வெயிலில் நீர் சுட்டு, உற்பத்தியும் முழுவேகத்தில் இருந்தபோது வால்வு பாதிக்கு மேல் திறந்திருக்கும். அங்கே அது மந்தம், ஆகவே சாது. மாரியில் நீர் குளிர்ந்ததும் கன்ட்ரோலர் வால்வை 10, 15-க்கு இறக்கியிருக்கும். அங்கே சிறிதாகத் தொட்டாலும் நீர் கொட்டுகிறது. போதாததற்கு, குளிர்விப்பானும் குறைந்த பாய்ச்சலில்தான் நீரின் மாற்றத்துக்கு அதிகமாக அசையும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. மழைக்காலத்துக்கென்று பிஐடியைத் தணித்தால் வெயில் காலத்தில் அது தூங்கிவிடும்.

அதே இடத்தில் பழைய சம சதவீத வால்வு இருந்தபோது: 20 சதவீதத் திறப்பில் 14 சதவீதம் நீர், 30-இல் 20, 40-இல் 29, 50-இல் 41, 60-இல் 56, 70-இல் 72, 80-இல் 85. கையேட்டில் வளைந்திருந்த கோடு குழாயில் பூட்டியதும் ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டது. பழைய வால்வைத் தெரிவு செய்தவருக்கு விடயம் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் உடனே கொள்வனவுக் கடிதம் எழுத வேண்டாம். கடற்கரையில், தண்டைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் பொதியில் உப்பேறி ஒட்டிக்கொள்வதும் இதே ஆட்டத்தைக் கொடுக்கும். கன்ட்ரோலரை மனுவலில் போட்டு, சமிக்ஞையை அரை அரைச் சதவீதமாக ஏற்றுங்கள். ஒருவர் தண்டின் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இரண்டு மூன்று படி அசையாமல் நின்று பிறகு துள்ளினால், முதலில் பொதியைப் பாருங்கள். ஒழுங்காக அசைந்தால், உற்பத்திப் பிரிவினரிடம் சொல்லிவிட்டு, 10 சதவீதப் படிகளில் மேலே போய் ஒவ்வொரு படியிலும் பாய்ச்சலையும் வால்வுக்கு முன்பின் அமுக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை எல்லை தாண்டாத நேரமாக இது இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன எண்கள் உங்கள் தரவை வைத்துப் போட்ட கணக்கு. பம்பியின் அமுக்கம் பாய்ச்சலோடு சற்று மாறும் என்பதால் அளந்த எண்ணே இறுதி.

செய்யக்கூடாத ஒன்று: வால்வுக்கு முன்னால் உள்ள கைவால்வைப் பாதி மூடி 'அடக்குவது'. பல ஆலைகளில் இதைச் செய்கிறார்கள். கைவால்வு இன்னும் கொஞ்சம் அமுக்கத்தைப் பறிப்பதால் அதிகாரம் மேலும் விழும், வளைவு மோசமாகும்.

உங்கள் பொசிஷனர் (சமிக்ஞைப்படி தண்டை நகர்த்தும் கருவி) டிஜிட்டல் என்றால் அதன் அமைப்பில் சம சதவீதத்தைத் தெரிவு செய்யலாம். செலவில்லை, இன்றே செய்து பாருங்கள். ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக நான் ஏற்பதில்லை. சமிக்ஞை 10-இலிருந்து 20-க்கு ஏறும்போது தண்டு 3 சதவீதத்திலிருந்து 4.4-க்குத்தான் நகர வேண்டும். ஒரு சதவீதம் ஒட்டும் வால்வால் அந்த நுணுக்கத்தைக் காட்ட முடியாது. மேலும் பிளக் எப்போதும் தான் அமரும் இருக்கையை ஒட்டியே நிற்பதால், ஒடுங்கிய இடைவெளியில் விரையும் நீர் இருக்கையை அரித்துவிடும்.

நேர்கோட்டு வால்வை நான் பழிக்கவில்லை. அமுக்கத்தின் பெரும்பகுதியை வால்வே எடுக்கும் குட்டையான, அகன்ற குழாய்களில், குறிப்பாகத் தொட்டி மட்டத்தைக் காக்கும் வேலையில், அதுவே சரி. உங்கள் இடம் அதுவல்ல.

முழு வால்வையும் மாற்ற வேண்டியதில்லை. குளோப் வகை (பிளக் மேலும் கீழும் நகர்ந்து மூடும் வகை) என்றால், பிளக், இருக்கை, கூடு ஆகிய உட்பாகங்களை மட்டும் சம சதவீதத்தில் வாங்கிப் பூட்டலாம். விற்பனையாளரிடம் வால்வின் தொடர் எண்ணோடு, மிகக் குறைந்த, வழமையான, மிகக் கூடிய பாய்ச்சல்கள் மூன்றையும், அந்தந்த நிலையில் நீங்கள் அளந்த அமுக்க வேறுபாட்டையும் எழுதிக் கொடுங்கள். வழமையான பாய்ச்சல் 60 முதல் 80 சதவீதத் திறப்புக்குள் விழுகிறதா என்று அவரிடம் கேளுங்கள். அதற்குக் கீழே விழுந்தால் குறைந்த கேவி உட்பாகம் கேளுங்கள். பூட்டியதும் பழைய பிஐடி எண்களை அழித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து புதிதாக ஒழுங்கு செய்யுங்கள்.